நாற்பத்தொன்றாம் வரி

கொரடாச்சேரி ரயில்வே கேட்டைத் தாண்டி
உரக்கடை மாடியில் என் அலுவலகம்.
கீழே யூரியா மூட்டை இறக்கினால்
மேலே மானிட்டர் லேசாக நடுங்கும்.

கொள்முதல் நிலையத்துக்கு ஒரு மென்பொருள்.
பட்டியல் எழுத்தர் அமிர்தகடேசன் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.
"டோக்கன், பேரு, ஈரப்பதம், மூட்டை.
எனக்கு ஒரு திரை, ஜன்னல்ல வரிசையப் பாத்து ஒண்ணு.
இங்க மாத்துனா அங்கயும் மாறணும்.
ரெண்டு எடத்துல எழுத என்னால ஆவாது."

அதற்குப் பிணைப்பு என்று பெயர் என்றேன்.
"பிணையலா? போரடிக்கிற மாட்டுக்குப் போடுறதா?"
கிட்டத்தட்ட.
ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பியாக வேண்டும்.

நான் வரைந்தது ஒரே ஒரு வரி.
இடப்பக்கம் எண், நடுவில் பெயர்,
பதினேழைத் தாண்டினால் சிவக்கும் ஈரப்பதம்,
கடைசியில் மூட்டைக் கணக்கு.
வார்ப்புரு அவ்வளவுதான்.
இருநூறு பேர் வந்தால் அதே வரி இருநூறு முறை,
கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி
இம்மி பிசகாமல் இறங்கும்.
அதைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ குடித்தேன், கர்வமாக.

தை பிறந்து ஆறாம் நாள் போன்.
"நாப்பத்தொண்ணுல பேரு வரலைங்க."

இரவு முழுக்கத் தேடினேன்.
இந்தப் பிழைக்கு ஒரு குணம்:
கத்தாது, நிரலை நிறுத்தாது,
சிவப்புப் பெட்டி காட்டிப் பயமுறுத்தாது.
பந்தியில் ஓர் இலையை மட்டும் தாண்டி
சாம்பார் வாளி அடுத்த இலைக்குப் போய்விடுவதுபோல
இடத்தைக் காலியாக விட்டுவிட்டு
நாற்பத்திரண்டுக்குப் போய்விடும்.

எழுத்துப்பிழை இல்லை.
ஒற்று விடவில்லை.
விடியற்காலை நாலு மணிக்கு
என் பக்கம் தவறில்லை என்று தெரிந்தது.
அதில் சந்தோஷப்பட்டுத் தூங்கினேன் என்பதையும்
சொல்லிவிட வேண்டும்.

காலையில் நேரில் போனேன்.
தூறல். நீலத் தார்ப்பாய்களுக்குக் கீழே குவியல்கள்.
நாற்பத்தொன்று ஜன்னலருகே நின்றது,
கையில் மடித்து மடித்துக் கிழிந்த அடங்கல்.

"பட்டா யார் பேர்ல?"
"மடத்து நெலம்."
"குத்தகை?"
"மாமனார் பேர்ல. அவரு போயி பதினோரு வருசம்."
"சாகுபடி?"
"நாந்தான். வேற யாரு?"

நான் எழுதியிருந்த பாதை இது:
நிலம் புள்ளி உரிமையாளர் புள்ளி பெயர்.
பதிவேட்டில் மடத்துக்கு ஓர் எண் உண்டு,
ஆள் பெயர் இல்லை.
இரண்டாம் புள்ளிவரை போன பாதை
அங்கேயே நின்றுவிட்டது.
விளக்கிச் சொன்னேன். சிரித்துவிட்டார்.
"கடமடைக்கு எப்பவும் இப்புடித்தான்."

வெற்று மதிப்பு வந்தால் என்ன காட்டலாம் என்று
வார்ப்புருவில் முன்கூட்டியே சொல்லிவைக்க வழி உண்டு.
"ஒரு கோடு போட்டுடுங்க," என்றார் அமிர்தகடேசன்,
"பாக்க சுத்தமா இருக்கும்."
இரண்டு நிமிட வேலை.
விசைமேல் விரல்கூட வைத்துவிட்டேன்.

பிறகு, அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்து
சாகுபடியாளர் என்று புதிதாக ஒரு புலம் சேர்த்தேன்.
வரியில் ஒரு பெட்டி. இருவழிப் பிணைப்பு.
மதியமாகிவிட்டது. வரிசை என்னைத் திட்டியது.

அமிர்தகடேசன் ஒற்றை விரலால் அடித்தார்.
பெட்டியைவிட்டுக் கர்சர் வெளியேறினால்தான்
பெயர் தரவுக்குள் போகும்;
டேப் விசையைத் தட்டச் சொன்னேன்.
தட்டினார். ஜன்னல் திரையிலும் அதே கணம் வந்தது.

வெளியிலிருந்து குரல்:
"மூணு சுழி இல்லைங்க. ரெண்டு சுழி."

திருத்தினார்.
உள்ளே ஒரு சுழி குறைந்தபோது
வெளியேயும் ஒரு சுழி குறைந்தது.
பவுனாம்பாள்.
அறுபத்திரண்டு மூட்டை.

ஈரப்பதம் மட்டும் சிவப்பாகவே நின்றது.
பத்தொன்பது புள்ளி இரண்டு.
அதற்கு மாற்றும் பெட்டி நான் வைக்கவில்லை;
அது ஒருவழி, கருவி சொல்வதைக் காட்டும்.
அமிர்தகடேசன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

தூறல் விட்டிருந்தது.
அவர் போய்த் தார்ப்பாயை விலக்கினார்.
நெல்லைக் காலால் கிளறும் சத்தம்
விசைப்பலகைவரை கேட்டது.